18446744073709551615: வகுத்திகள் ஏன் 64 அல்ல, 128?

எண்ணோக்கி (தொடக்கப் பதிவு)

இரண்டின் 64ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் 18446744073709551615 என்ற இருபது இலக்க எண் கிடைக்கிறது. இதன் பருமனைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. இதன் உள்ளமைப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நான் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி முழுக்க முழுக்க அதன் வகுத்திகளைப் பற்றியது.

2^2 − 1 = 3. இதற்கு 1, 3 என இரண்டு வகுத்திகள். 2^4 − 1 = 15; இதற்கு நான்கு. 2^8 − 1 = 255 = 3 × 5 × 17; இதற்கு எட்டு. 2^16 − 1 = 65535 = 3 × 5 × 17 × 257; இதற்குப் பதினாறு. 2^32 − 1 = 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537; இதற்கு முப்பத்திரண்டு. அதாவது, ஒவ்வொரு முறையும் வகுத்திகளின் எண்ணிக்கை அடுக்குக்கே சமமாக வருகிறது. இந்த ஒழுங்கைக் காகிதத்தில் கண்டபோது, அடுத்த எண்ணுக்கு 64 வகுத்திகள் இருக்கும் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. ஆனால் 18446744073709551615இன் பகாக் காரணிகள் 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என ஏழு. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம்; எனவே வகுத்திகள் 2^7 = 128. ஐந்து முறை பிசகாமல் நின்ற ஒழுங்கு ஆறாவது முறை ஏன் உடைகிறது? உடையும்போதும் சரியாக இருமடங்காக உடைவது ஏன்?

மீதி

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு, அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். இரு வர்க்கங்களின் வேறுபாடு என்னும் பள்ளி வாய்பாட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். 2^64 − 1 என்பது (2^32 − 1)(2^32 + 1). அதன் முதல் காரணியையும் அவ்வாறே பிரித்துக்கொண்டு போனால், இறுதியில் (2 + 1)(2^2 + 1)(2^4 + 1)(2^8 + 1)(2^16 + 1)(2^32 + 1) என்ற பெருக்கல் நிற்கும். இவை ஆறும் ஃபெர்மா எண்கள்: 3, 5, 17, 257, 65537, 4294967297. வழக்கப்படி சுழியிலிருந்து எண்ணினால், 3 சுழியாவது ஃபெர்மா எண், 4294967297 ஐந்தாவது.

இவற்றில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது. ஏனெனில், ஒரு ஃபெர்மா எண்ணுக்கு முந்தைய எல்லா ஃபெர்மா எண்களையும் பெருக்கினால், அந்த எண்ணைவிட 2 குறைவான எண் வரும்; 3 × 5 × 17 = 255 = 257 − 2 என்பது அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இரண்டுக்கும் பொதுவான வகுத்தி ஒன்று இருந்தால் அது 2ஐயும் வகுக்க வேண்டும். எல்லா ஃபெர்மா எண்களும் ஒற்றை எண்கள் என்பதால் அந்த வகுத்தி 1ஆகத்தான் இருக்க முடியும். இந்த வாதத்தைக் கோல்ட்பாக் 1730இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் காணலாம்.

ஆகவே, ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் பகா எண்ணாக இருக்கும்வரை, அடுக்கு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு புதிய பகாக் காரணி சேரும், வகுத்திகளும் இருமடங்காகும். நீங்கள் கண்ட ஒழுங்கு வேறொன்றுமில்லை, எல்லா ஃபெர்மா எண்களும் பகா எண்கள் என்று 1640இல் ஃபெர்மா கொண்ட நம்பிக்கைதான். அது ஐந்தாவது எண்ணில் பொய்த்தது. 4294967297 = 641 × 6700417 என்று ஆய்லர் 1732இல் காட்டினார். ஒரு பகா எண் சேர வேண்டிய இடத்தில் இரண்டு சேர்ந்ததால், 64க்குப் பதில் 128.

இளங்கோணம்

மிகத் தெளிவான விளக்கம். ஆனால் 641ஐ ஆய்லர் எப்படிப் பிடித்தார் என்பதுதான் எனக்குப் புதிராக இருக்கிறது. 4294967297இன் வர்க்கமூலம் 65536ஐச் சற்றே தாண்டும். அதுவரை உள்ள பகா எண்கள் ஆறாயிரத்துக்கும் மேல். 641 என்பது வரிசையில் 116ஆவது பகா எண். ஒவ்வொன்றாகக் கையால் வகுத்துப் பார்த்தாரா?

மீதி

அவ்வளவு வகுத்தல்கள் தேவைப்படவில்லை. 4294967297ஐ வகுக்கும் பகா எண் ஒன்றை ப என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2^32ஐ ப ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதி −1க்கு இணையானது. வர்க்கப்படுத்தினால் 2^64இன் மீதி 1. இரண்டின் அடுக்குகளில் மீதி 1 முதன்முதலாகக் கிடைக்கும் அடுக்கு 64ஐ வகுக்க வேண்டும், ஆனால் 32ஐ வகுக்கக் கூடாது. எனவே அது 64தான். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி அந்த அடுக்கு ப − 1ஐ வகுக்கும். ஆக, ப என்பது 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலான எண். 193, 257, 449, 577, 641 என்று இந்த வடிவிலான பகா எண்களை எடுத்தால், 641 ஐந்தாவதாகவே வந்துவிடுகிறது.

கணிதர் லூக்கா பின்னர் இதை இன்னும் கூர்மையாக்கினார். ப ஐ 8ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், எந்த எண்ணின் வர்க்கத்தை ப ஆல் வகுத்தால் மீதி 2 கிடைக்குமோ அப்படி ஓர் எண் கட்டாயம் உண்டு. அந்த எண்ணின் அடுக்குகளில் மீதி 1 முதலில் கிடைப்பது 128ஆம் அடுக்கில். எனவே ப − 1 என்பது 128இன் மடங்கு. இப்போது 129, 257, 385, 513, 641 என்ற வரிசையில் பகா எண்கள் இரண்டே: 257, 641. இவற்றில் 257 தானே ஒரு ஃபெர்மா எண் என்பதால் அது ஐந்தாவதை வகுக்காது. மிஞ்சுவது 641; முதல் முயற்சியிலேயே வகுபட்டுவிடும்.

இதே வழியில் 6700417 பகா எண் என்பதையும் சில நிமிடங்களில் நிறுவலாம். அதன் வர்க்கமூலம் 2588ஐச் சற்றே தாண்டும். அதன் எந்தப் பகாக் காரணியும் 4294967297இன் காரணியாகவும் இருக்க வேண்டும் என்பதால், 128இன் மடங்கைவிட ஒன்று கூடுதலான பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். 2588க்குள் அவை 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தே. 257 ஏற்கெனவே விலகிவிட்டது. மற்றவற்றால் வகுத்தால் மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் சுழி இல்லை. எனவே 6700417 பகா எண். நானூறுக்கு நெருக்கமான வகுத்தல்கள் தேவைப்படும் என்று தோன்றிய வேலை நான்கு வகுத்தல்களில் முடிந்துவிடுகிறது. இந்த எண்ணில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கவராயம்

641 வகுக்கும் என்பதைப் பெரிய வகுத்தல் எதுவும் செய்யாமலே காணும் வழி ஒன்று உண்டு. இந்த இழையில் அது இடம்பெறாமல் போகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 641ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 641 = 5 × 2^7 + 1; 641 = 5^4 + 2^4. இரண்டாவதை 2^28ஆல் பெருக்கினால், 641 × 2^28 = 5^4 × 2^28 + 2^32. வலப்பக்கத்தின் முதல் உறுப்பு (5 × 2^7)^4, அதாவது 640^4. எனவே 2^32 + 640^4 என்பது 641இன் மடங்கு. 640^4 − 1 என்பதோ 640^2 − 1ஆல் வகுபடும்; 640^2 − 1 = 639 × 641. ஆகவே அதுவும் 641இன் மடங்கு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 2^32 + 1 எஞ்சும். அதுவும் 641இன் மடங்காகவே இருக்க வேண்டும். பத்து இலக்க எண்ணை ஒருமுறைகூட எழுதத் தேவையில்லை.

முகில்

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த எண்தானே சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களிலும் தானியத்தை இருமடங்காக்கிக்கொண்டே போகும் கதையில் வருவது? கணினியின் நினைவகத்திலும் இது ஓர் எல்லையாக இருப்பதாகப் படித்திருக்கிறேன்.

எண்ணோக்கி

அதே எண்தான். ஒன்று, இரண்டு, நான்கு என்று 64 உறுப்புகளைக் கூட்டினால் இது கிடைக்கும். 64 துகள் (பிட்) கொண்ட சேமிப்பிடத்தில் குறியில்லா முழு எண்ணாகப் பதியக்கூடிய மிகப் பெரிய மதிப்பும் இதுவே, ஏனெனில் 0, 1 மட்டும் கொண்ட ஈரடிமான முறையில் இது தொடர்ந்து 64 ஒன்றுகள். மேலே குறிப்பிடப்பட்ட லூக்கா 1883இல் வெளியிட்ட ஹனோய் கோபுரப் புதிரில் 64 வட்டுகளை இடம் மாற்ற வேண்டிய குறைந்தபட்ச நகர்வுகளும் இத்தனையே; நொடிக்கு ஒரு நகர்வு என்றால் ஏறத்தாழ 58,450 கோடி ஆண்டுகள் ஆகும். ஆயினும் இவை மூன்றும் ஒரே கூட்டுத்தொகையின் மூன்று தோற்றங்கள். காரணிகளின் கதை அதிலிருந்து வேறானது. இந்த இழையை அதிலேயே வைத்திருக்க விரும்புகிறேன்.

கவராயம்

காரணிகளின் கதை வடிவியலுக்குள் நுழையும் இடத்தைச் சொல்கிறேன். பதினேழு பக்க ஒழுங்குப் பலகோணத்தைக் கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு வரையலாம் என்று காஸ் 1796இல் கண்டுபிடித்தார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றை எண்ணாக இருந்தால், அது வெவ்வேறான ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருக்கும்போது மட்டுமே அத்தகைய வரைதல் இயலும். “மட்டுமே” என்ற பகுதியை வான்ட்செல் 1837இல் நிறுவினார். இதுவரை அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் ஐந்து. அவற்றிலிருந்து 31 ஒற்றைப்படைப் பலகோணங்கள் கிடைக்கின்றன. அவற்றுள் பெரியது 4294967295 பக்கங்கள் கொண்டது. நம் எண்ணின் முதல் பாதி வரையத்தக்கது. 4294967297 என்ற இரண்டாம் பாதி வரைய இயலாதது. இரண்டு பக்கங்களே கூடுதல், ஆனால் இயல்பு முற்றிலும் வேறு.

இதை ஒரே படத்தில் காட்டும் அமைப்பு பாஸ்கல் முக்கோணம். அதன் ஒவ்வொரு வரியிலும் ஒற்றை எண்களுக்கு 1 என்றும் இரட்டை எண்களுக்கு 0 என்றும் எழுதி, அந்த வரியை ஈரடிமான எண்ணாகப் படியுங்கள். உச்சியிலுள்ள வரியைச் சுழியாவது என்று கொண்டால், ஐந்தாவது வரி 1, 5, 10, 10, 5, 1. அது 110011 ஆகும்; அதன் மதிப்பு 51 = 3 × 17. வரி எண்ணான 5ஐ ஈரடிமானத்தில் எழுதினால் 101; அதில் ஒன்றுகள் நிற்கும் இடங்கள் சுழியாவதும் இரண்டாவதும். சுழியாவது ஃபெர்மா எண் 3, இரண்டாவது 17. எல்லா வரிகளுக்கும் இது பொருந்தும். சுழியாவது வரியில் 1 கிடைக்கும். 1 முதல் 31 வரையிலான வரிகளில் அந்த 31 பலகோணங்களும் சிறியதிலிருந்து பெரியது என்ற வரிசையிலேயே வந்து நிற்கும். 32ஆவது வரியில் 4294967297 வருகிறது, ஒழுங்கு முறிகிறது. 63ஆவது வரி முழுவதும் ஒற்றை எண்களே. அதன் மதிப்பு நாம் பேசிக்கொண்டிருக்கும் 18446744073709551615.

இளங்கோணம்

அப்படியானால் சுழி முதல் 63 வரையிலான 64 வரிகளும் நம் எண்ணின் வகுத்திகள்தாம். 128 வகுத்திகளில் சரிபாதி முக்கோணத்திலிருந்தே கிடைத்துவிடுகின்றன! மற்ற 64 எவை?

கவராயம்

641, 6700417 ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் காரணியாகக் கொண்டவை. முக்கோணத்தின் எந்த வரியும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. சேர்த்தே தரும், அல்லது இரண்டையும் விட்டுவிடும். முதல் பதிவில் எண்ணோக்கி எதிர்பார்த்த 64 வகுத்திகள் இந்த வரிகளே. எதிர்பாராத 64 வகுத்திகள் ஃபெர்மாவின் ஊகம் தவறியதால் வந்தவை.

வரம்பிலி

ஆய்லர் சார்பின் வழியாகவும் இந்த முறிவைக் காணலாம். ஓர் எண்ணுக்கு மிகாமல், அதனுடன் சார்பகா எண்களாக (1ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாதவையாக) இருப்பவை எத்தனை என்பதே அந்தச் சார்பு. 4294967295க்கு அது 2 × 4 × 16 × 256 × 65536 = 2^31 = 2147483648. எண்ணுடன் ஒன்றைக் கூட்டினால் வருவதில் இது சரிபாதி. 3, 15, 255, 65535 ஆகியவற்றுக்கும் அப்படியே. இந்த எண்களில் சார்பகா எண்கள் பாதியைவிட அரை மட்டும் கூடுதலாக இருக்கின்றன என்று சொல்லலாம். 18446744073709551615இல் அந்த விகிதம் முதன்முறையாகப் பாதிக்குக் கீழே, சுமார் 0.4992க்கு இறங்கிவிடுகிறது. ஆகவே ஆய்லர் சார்பின் இருமடங்கு எண்ணைவிட ஒன்று கூடுதலாக இருக்கும் பண்பு ஃபெர்மா பகா எண்களின் தொடர் பெருக்கங்களுக்கு மட்டுமே உரியது என்று கருதுகிறேன்.

மீதி

வரம்பிலி அவர்களின் கணக்குகள் அனைத்தும் சரி. இறுதி வாக்கியத்தை மட்டும் ஏற்க இயலவில்லை. 83623935 என்ற எண்ணைப் பாருங்கள். அது 3 × 5 × 17 × 353 × 929. அதன் ஆய்லர் சார்பு 2 × 4 × 16 × 352 × 928 = 41811968. இருமடங்கு 83623936, எண்ணைவிடச் சரியாக ஒன்று கூடுதல். 353, 929 இரண்டும் ஃபெர்மா எண்கள் அல்ல.

வரம்பிலி

திருத்தத்துக்கு மிக்க நன்றி. கையால் பெருக்கிச் சரிபார்த்தேன்; என் ஊகம் தவறானது. ஐந்து எடுத்துக்காட்டுகளை வைத்துப் பொதுவிதி சொல்லக் கூடாது என்று காட்டும் எண்ணைப் பற்றிய இழையிலேயே நானும் ஐந்தை வைத்து விதி சொல்லிவிட்டேன்.

மீதி

ஐந்தாவது ஃபெர்மா எண் இன்னொரு வகையிலும் ஏமாற்றக்கூடியது. ஓர் எண் பகா எண்ணா என்று சோதிக்கும் எளிய முறை ஒன்றில், அந்த எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2ஐ உயர்த்தி, அதே எண்ணால் வகுத்து, மீதி 1 வருகிறதா என்று பார்ப்பார்கள். 4294967297இல் அந்த அடுக்கு 2^32. இரண்டின் 64ஆம் அடுக்கிலேயே மீதி 1 வந்துவிடுகிறது, 2^32 என்பது 64இன் மடங்கு. எனவே சோதனை “பகா எண்ணாக இருக்கலாம்” என்றே சொல்லும். எல்லா ஃபெர்மா எண்களும் இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதால், அவற்றைப் பொறுத்தவரை அதற்குப் பயனே இல்லை. இரண்டுக்குப் பதில் வேறோர் எண்ணை அடிமானமாகக் கொண்டு 1877இல் பெபேன் அமைத்த சோதனையே இங்கு உண்மையைச் சொல்லும்.

நாற்கரம்

வர்க்கங்களைப் பற்றி எவரும் பேசாததால் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். இந்த எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 7. அத்தகைய எண் எதையும் மூன்று முழு எண்களின் வர்க்கங்களைக் கூட்டிப் பெற இயலாது. நான்கு கட்டாயம் தேவை. நான்கு இருந்தால் எந்த இயல் எண்ணுக்கும் போதும் என்று 1770இல் லெக்ராஞ்சு நிறுவியிருக்கிறார்.

வேறுபாடு என்று பார்த்தால் நிலை தலைகீழ். வர்க்கமாக இல்லாத ஓர் ஒற்றை எண்ணை, அதன் வகுத்திகளின் எண்ணிக்கையில் பாதியளவு வழிகளில் இரு வர்க்கங்களின் வேறுபாடாக எழுதலாம். எனவே 18446744073709551615ஐ 64 வழிகளில் அப்படி எழுதலாம். அவற்றுள் மிக எளியது 4294967296இன் வர்க்கத்திலிருந்து 1ஐக் கழிப்பது. எண்ணோக்கி தேடிய 64 இங்கே திரும்பி வருகிறது. ஆயினும் இது தற்செயலே. ஃபெர்மா சொன்னது சரியாக இருந்திருந்தால் இந்த வழிகள் 32ஆகவே இருந்திருக்கும்.

எண்ணோக்கி

அனைவருக்கும் நன்றி. என் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டது. ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது: அடுக்கை மேலும் இருமடங்காக்கிக்கொண்டே போனால் வகுத்திகள் எப்படி வளர்கின்றன? அந்த ஒழுங்கு எப்போதாவது திரும்புகிறதா?

மீதி

பழைய ஒழுங்கு திரும்பாது. வகுத்திகளின் எண்ணிக்கை அடுக்கை ஒருமுறை முந்திவிட்டால், அதன்பின் ஒவ்வொரு முறையும் குறைந்தது இருமடங்காவது ஆகும் என்பதால், இரண்டும் மீண்டும் சமமாகும் வாய்ப்பு இல்லை. 2^64 + 1 என்ற ஆறாவது ஃபெர்மா எண்ணும் 274177 × 67280421310721 என்று இரண்டாகப் பிரிகிறது. இதை லாண்ட்ரி 1880இல் வெளியிட்டார். எனவே 2^128 − 1க்கு ஒன்பது பகாக் காரணிகள், 512 வகுத்திகள். ஏழாவதும் எட்டாவதும் இரண்டிரண்டு பகா எண்களாகப் பிரிகின்றன. அவை முறையே 1970, 1980 ஆண்டுகளில் பிரிக்கப்பட்டன. 1990இல் ஒன்பதாவது மூன்றாகப் பிரிந்தது. எனவே 2^1024 − 1க்கு 16 பகாக் காரணிகள், 65536 வகுத்திகள். பத்தாவது நான்கு, பதினொன்றாவது ஐந்து. பதினொன்றாவது 1988இலேயே முழுமையாகப் பிரிக்கப்பட்டது, பத்தாவதோ 1995 வரை காத்திருந்தது. பதினொன்றாவதின் ஐந்து காரணிகளில் நான்கு ஒப்பளவில் சிறியவை என்பதே அதற்குக் காரணம்.

இவற்றைச் சேர்த்தால் 2^4096 − 1க்கு 25 பகாக் காரணிகள், 2^25 = 3,35,54,432 வகுத்திகள். அதற்கு அடுத்த 2^8192 − 1இல் கணக்கு நின்றுவிடுகிறது. பன்னிரண்டாவது ஃபெர்மா எண்ணில் 114689 தொடங்கி ஆறு பகாக் காரணிகள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றை நீக்கினால் எஞ்சுவது 1133 இலக்க எண். அது பகு எண் என்பது உறுதி, ஆனால் அதன் காரணி ஒன்றுகூட இன்னும் கிடைக்கவில்லை. கைவசம் உள்ள 31 பகா எண்கள் மட்டுமே 2^31 வகுத்திகளைத் தருகின்றன. வரம்பிலி அவர்கள் மேலே எழுதிய அதே 2147483648. மொத்தம் எத்தனை என்று சொல்ல அந்த 1133 இலக்க எண் பிரிந்தாக வேண்டும்.